எதிரில் வருகிற அம்மா

நில்லுங்க. நீங்க சொல்ல வாரது எனக்குத் தெரியும். அம்பு அந்தப் பக்கம் காட்டுது, நான் இந்தப் பக்கம் நடக்கேன், அதானே? நேத்தும் உங்க வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டுப் போனீங்க. முந்தாநாளும் அப்படித்தான். இன்னைக்குக் கேட்டுட்டீங்க. நல்லது. கேக்காம முறைச்சுட்டுப் போறதுக்கு இது எவ்வளவோ மேல். உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், காக்கா பாழாக்கி வச்சிருக்கு. இந்தப் பீரங்கி மேடையில உக்காருங்க, கல்லு இப்ப ஆறியிருக்கும்.

ஊருக்குப் புதுசுதானே? தெரியுது. பேங்கா? ஓ, வீட்டுக்காரர் துறைமுகத்துலயா. சரி சரி.

என் பேரு பாக்கியசீலி. அதோ, கோட்டை வாசலுக்கு எதிர்த்தாப்ல ஒரு மஞ்சக் கட்டடம் தெரியுதுல்லா, இப்ப ஜவுளிக்கடைக்காரன் குடோனா வச்சிருக்கான், அது அந்தக் காலத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. அங்கதான் நான் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முந்தியே சேந்தேன், ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த ஒரே கட்டடம். ஆனா பாருங்க, ரோட்டைத் தாண்டி இந்தக் கோட்டைக்குள்ள ஒரு நாள் கால் வச்சதில்ல. எதுக்கு வைக்க? உள்ள பூரா உடைமுள்ளு. சீட்டு ஆடுறவன், குடிக்கவன், ஆடு மேய்க்கவன், இவ்வளவுதான். டச்சுக்காரன் கட்டினானாம், வெள்ளைக்காரன் பிடிச்சானாம், பெறகு உப்பு மூடை அடுக்கினாக, பெறகு அதுவும் இல்ல. மதிலுக்கு அங்கிட்டு அலை அடிக்கிற சத்தம் மட்டும் எங்க ஜன்னல் வரைக்கும் வரும்.

பெறகு முனிசிபாலிட்டிக்காரங்களுக்கு என்ன தோணுச்சோ, ஜேசிபிய விட்டு முள்ளை எல்லாம் வாரினாக. மதிலை ஒட்டி உள்பக்கமா சுத்தியும் நடக்கதுக்குக் கல்லு பதிச்சாக. புல்லு, ஊஞ்சல், வாயத் திறந்துட்டு நிக்கிற கங்காரு குப்பைத்தொட்டி, எல்லாம் வந்துச்சு. மூலையில டச்சுக்காரன் கல்லறை ரெண்டு கிடந்துச்சு, அதைச் சுத்திச் செம்பருத்தி வச்சாக. கடல் பக்கம் கொடிக்கம்பம். நல்லாத்தான் செஞ்சிருக்காக, நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லுறது என் பழக்கமே இல்ல.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரரு தவறினாக. மகன் அகமதாபாத்துல. தினமும் வீடியோவுல பேசுவான், நல்ல பிள்ளைதான். ஆனா ஒன்னு கவனிச்சிருக்கீங்களா, இந்த வீடியோவுல பேசுறவங்க யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. திரையில ஓரமா அவங்க மூஞ்சி சின்னதா தெரியும்ல்லா, அதைத்தான் பாப்பாங்க. என் மகனும் பேசிக்கிட்டே தலைமுடிய ஒதுக்கிக்கிடுவான். சரி, அது கிடக்கட்டும். சுகர் ஏறிப்போச்சு, நடக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அப்படித்தான் இங்க வந்தேன்.

முதல் நாள் வாசல்ல நுழைஞ்சா, எல்லாரும் இடது கைப்பக்கம் திரும்பிப் போறாக. கோயிலச் சுத்துற மாதிரி, வலம். யாரும் சொல்லலை, போர்டு இல்ல, அம்பும் அப்ப கிடையாது. அவங்கவங்க கால் தானா அப்படிப் போகுது. நான் வலது கைப்பக்கம் திரும்பினேன். ஏன்னு கேட்டா, சாயங்கால வெயில். அவங்க போற பக்கம் போனா, தெக்கு மதில்கிட்ட வெயில் நேரா கண்ணுல குத்தும். நான் போற பக்கம் வடக்கு மதில்கிட்ட குத்தும். குத்தத்தான் செய்யும், இல்லேன்னு சொல்லலை. ஆனா அது வேற மாதிரி. அதோட எனக்கு இடது முட்டி கொஞ்சம் மோசம், இந்தப் பக்கம் சுத்தினாத்தான் அதுக்கு வசதி.

இன்னொன்னும் இருக்கு. எல்லாரும் போற பக்கமே நாமளும் போனா, முன்னால போறவன் முதுகைத்தான் பாத்துட்டு நடக்கணும். வேர்த்துப்போன சட்டை. எதிர்ல நடந்தா ஒவ்வொருத்தரும் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை நம்ம முகத்துக்கு நேரா வருவாங்க. கொடிக்கம்பத்துக்கிட்ட ஒரு தடவை, வாசல்கிட்ட ஒரு தடவை. வேகமா நடக்கவங்க இன்னும் கூட வருவாங்க. அத்தனை வருஷம் காதுல ஹெட்போன மாட்டிட்டு ஊரு பூராப் பேச்சையும் கேட்டவ நான். குரலைச் சொன்னா ஆளைச் சொல்லிருவேன். ஆனா ஒரு முகம் தெரியாது. மீன் மார்க்கெட்ல பக்கத்துல நிக்கிறவன் வாயத் திறந்த பெறகுதான், அட இது அரிசி மண்டிக்காரன்லான்னு தெரியும். அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. அது போகட்டும், அது வேலை.

சொல்ல வந்தது அது இல்ல. பச்சைத் தொப்பி.

பேரு அப்ப தெரியாது, அதனால பச்சைத் தொப்பின்னுதான் எனக்குள்ள வச்சிருந்தேன். மாமரத்து இலை நிறத்துல ஒரு கம்பளித் தொப்பி, வெயில் காலத்துலயும் கழட்டமாட்டாக. நல்ல உசரம், லேசா முதுகு வளைஞ்சு நடப்பாக. மத்தவங்க எல்லாம் எதிர்ல நான் வந்தா ஒன்னு செருப்பைப் பாப்பாங்க, இல்ல கடலைப் பாப்பாங்க. இவுக ஒருத்தர்தான் முகத்தைப் பாத்தாக. ஒரு வாரம் போல பாத்துட்டு, ஒரு நாள் தலைய அசைச்சாக. நானும் அசைச்சேன். அவ்வளவுதான். பெறகு தினமும் அப்படித்தான். கொடிக்கம்பத்துக்கிட்ட ஒரு தலையசைப்பு, வாசல்கிட்ட ஒரு தலையசைப்பு.

ஒரு தடவை காய்ச்சல் வந்து ரெண்டு மூணு நாள் வரலை. திரும்பி வந்த அன்னைக்கு தூரத்துலயே புருவத்தை ஏத்தி, என்னங்கிற மாதிரி கையத் திருப்பிக் காட்டுதாக. நான் நெத்தியில கைய வச்சுக் காட்டினேன். ஓன்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்டாக. அடுத்த சுத்துல வரும்போது, மெதுவா நடங்கன்னு கையால காட்டுதாக. பாத்துக்கிடுங்க. எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போயும் சிரிப்பு வந்துட்டே இருந்துச்சு.

பேசினதில்லம்மா. ஒரு வார்த்தை பேசினதில்ல. ரெண்டு வருஷம். எதுக்குப் பேச? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு. நின்னு பேசினா நடை கெட்டுப்போகும், பாக்கவன் நாலு விதமாச் சொல்லுவான். அதோட ஆம்பளைங்கதான் முதல்ல பேசணும். அவுக பேசியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? காலையில எந்திரிச்சா, சாயங்காலம் நடக்கப் போகணும்னு ஒன்னு இருந்துச்சு. என்ன சேலை கட்டலாம்னு யோசிப்பேன். நடக்கதுக்கு எதுக்கு சேலை யோசிக்கணும், ஆனா யோசிப்பேன். அவ்வளவுதான் எனக்கு அந்த நாள்ல இருந்தது. இப்ப உங்ககிட்ட சொல்லுறதுக்கு என்ன.

போன ஐப்பசியில, மழை தொடங்குறதுக்கு முந்தி ஒரு நாள். வாசல்கிட்ட எதிர்ல வந்தாக, தலைய அசைச்சாக, நானும் அசைச்சேன். அவுக வடக்கு மதில் பக்கம் போனாக, நான் தெக்கே போனேன். கொடிக்கம்பத்துக்கிட்ட வந்தா ஆளைக் காணோம். நான் நடக்கும்போது நிக்கவே மாட்டேன், நின்னா நடந்த பலன் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அன்னைக்கு நின்னேன். மத்தவங்க எல்லாம் வாராங்க, பச்சைத் தொப்பி வரலை. பெறகு நடந்து போனா, வடக்கு மூலையில கூட்டம். கீழ விழுந்து கிடக்காக. ஒருத்தன் நெஞ்சை அமுக்குதான், ஒருத்தன் ஆம்புலன்சுக்குப் பேசுதான். தொப்பி தனியா உருண்டு புல்லுல கிடந்துச்சு. தொப்பி இல்லாத தலைய அன்னைக்குத்தான் பாத்தேன், பூரா நரைச்சிருந்துச்சு. குனிஞ்சு தொப்பிய எடுத்து, தட்டி, மதில் மேல வச்சேன். யாரோ கேட்டாக, அம்மா உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு. தெரியாதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? பேரு தெரியாது, வீடு தெரியாது. தெரியும்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு?

ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உசிரு போயிட்டுன்னு வாட்ச்மேன் பீர் முகமதுதான் மறுநாள் சொன்னான். உடம்பை அப்படியே சொந்த ஊருக்குக் கொண்டு போயிட்டாகளாம். இங்க நடக்கவங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, அவுக எல்லாம் கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு மௌன அஞ்சலி செஞ்சாக. நான் சங்கத்துல இல்லல்லா, அதனால தள்ளி நின்னேன். யாரு என்னன்னு கேக்கலாம். கேட்டா, உனக்கு என்னம்மான்னு திருப்பிக் கேப்பாக. அதனால கேக்கலை.

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, என்னைக் கண்டா எல்லாரும் ஒதுங்குதாக. எதிர்ல நான் வந்தா புல்லுல இறங்கி நடக்காக. ஒரு அம்மா பிள்ளைய இழுத்து முந்தானைக்குள்ள வைக்கா. எனக்கு ஒன்னும் ஓடலை. பெறகு ரெண்டு பேரு பேசிக்கிட்டுப் போனது காதுல விழுந்துச்சு. காது மட்டும் எனக்கு இன்னும் நல்லா இருக்கு. சாமியச் சுத்துறது வலம். சாவுக்குச் சுத்துறதுதான் இடம். சுடுகாட்டுல பிணத்தைச் சுத்துற மாதிரி அந்தப் பொம்பளை தினமும் நம்மளச் சுத்துது, ஒருத்தரை முடிச்சிட்டு, இனி யாரோன்னு சொல்லுதாக.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. எங்க கோயில்ல இடமும் கிடையாது வலமும் கிடையாது, நாங்க சுத்துறதே இல்ல. வாசல் வழியாப் போவோம், உக்காருவோம், பாடுவோம், அதே வாசல் வழியா வருவோம். நான் என்ன கண்டேன் எந்தப் பக்கம் சாவுன்னு? கண்டாலும்தான் என்ன? இது கோயிலா? டச்சுக்காரன் கட்டின கோட்டை. பீரங்கி வச்சிருந்த இடம்.

சங்கத்துக்கு ஆறுமுகநயினார்னு ஒருத்தர் செயலாளர். பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்தவுக. தன்மையான மனுஷன், எறும்புக்குக் கூட வழி விட்டு நடப்பாக. அவுக வந்து என் முன்னால கையக் கட்டிட்டு நிக்காக. அம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது, கூட்டம் கூடிப்போச்சு, எல்லாரும் ஒரே பக்கமாப் போனா இடிக்காம இருக்கும், சங்கத்துல அப்படி ஒரு முடிவுன்னு இழுக்காக. நான் நேராவே கேட்டேன்.

"அவரு என்னாலதான் செத்தாருன்னு சொல்லுதீங்களா சார்?"

"சே சே. அதெல்லாம் நான் நம்புறவன் இல்லம்மா," ன்னாக. பெறகு குரலைத் தாழ்த்தி, "நம்புறவங்க இருக்காகல்லா," ன்னாக.

பாத்தீங்களா, இதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? நம்புறவனா இருந்தா சண்டை போடலாம். அடுத்த வாரம் தரையில மஞ்சப் பெயிண்டுல அம்பு போட்டுட்டாக. இதோ உங்க காலுக்குக் கீழ இருக்கே, இது தான். நானும் அம்பு காட்டுற பக்கமே நடந்தேன். அவுக சொன்னதுக்காக இல்ல. எதிர்ல பச்சைத் தொப்பி இல்ல, இனி எந்தப் பக்கம் போனா என்னன்னு ஆயிப்போச்சு. அழுகை எல்லாம் வரலை. சாயங்காலம் ஆனா எந்தச் சேலைன்னு யோசிக்கதுக்கு ஒன்னும் இல்ல, அதான்.

அந்த நாட்களை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது. முன்னால முதுகு, பின்னால செருப்புச் சத்தம். வேகமா நடக்கவங்க சைடு சைடுன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போவாக, அது யாருன்னு பாக்குறதுக்குள்ள அவங்களும் முதுகாயிருவாக. நான் வந்தேனா, வரலையா, ஒருத்தருக்கும் தெரியாது. நானே கூட்டத்துல எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாத மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய் டிவிய சத்தமாப் போட்டு விட்டுருவேன். பாக்க மாட்டேன், போட்டு விட்டுருவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பீர் முகமது என்னைக் கை காட்டிக் கூப்பிடுதான். வாசல்ல ஒரு அம்மா நிக்காக. என் வயசு இருக்கும். ஒடிசலா, கையில குடை வச்சிட்டு. பெறகு பீர் சொன்னான், அந்தம்மா வந்து, எதிர்ல வார அம்மா யாருன்னு கேட்டாகளாம். இவன் என்னைக் காட்டியிருக்கான். கூட்டத்தோட கூட்டமா நான் போறதைப் பாத்துட்டு, இவுக எல்லாரோடயும்தானே போறாக, இவுகளா இருக்காதுன்னு சொல்லியிருக்காக. இவன் இல்லம்மா இவுகதான்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான்.

"எதிர்ல வார அம்மா நீங்கதானா?" ன்னு என்னைக் கேட்டாக.

எனக்கு அப்படி ஒரு பேரு இருக்குன்னு அப்பத்தான் தெரியும். நான் அவுக சம்சாரம்னாக. தொப்பி போட்டிருப்பாகளே, அவுக.

இதே மேடையிலதான் உக்காந்தோம். அவுக பேரு உலகம்மாள். பச்சைத் தொப்பி நடந்துட்டு வீட்டுக்குப் போய்க் குழாயில கால் கழுவும்போதே ஆரம்பிச்சுருவாகளாம். இன்னைக்கு எதிர்ல வார அம்மா ஊதாச் சேலை. இன்னைக்கு வரலை, உடம்புக்கு என்னமோ. இன்னைக்கு முகம் நல்லா இல்ல, மகன்கிட்ட இருந்து போன் வரலையோ என்னமோ. உலகம்மாள் கேப்பாகளாம், அந்தம்மாவுக்கு மகன் இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு. தெரியாது, இருக்கும்னு சொல்லுவாகளாம். நானும் ஒரு நாள் வாரேன், காட்டுங்கன்னா, உனக்கு முட்டு வலி, திரும்பி வந்து மாடிப்படி ஏற முடியாதுன்னு சொல்லிருவாகளாம். இத்தனை நாள் பேச்சுல கேட்டவுகள ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு, அதான் வந்தேன்னாக.

பேச்சை மாத்தணும்னு, உங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாத்தாகன்னு கேட்டேன்.

"கயித்துக் கடை. கடற்கரை ரோட்டுல. கப்பலுக்கு, வள்ளத்துக்கு எல்லாம் கயிறு. இப்ப மூடியாச்சு."

அம்மா! அறுபத்தேழு. கயித்துக் கடை நம்பர் அறுபத்தேழு. தினமும் காலையில கொச்சிக்கு லைன் கேப்பாக. தொண்டை கட்டின குரல், தாயேன்னுதான் கூப்பிடுவாக. தாயே கொச்சி கொஞ்சம் சீக்கிரம் போடுங்க, கப்பல் நிக்குதுன்னு. எத்தனை வருஷம்! அந்தக் குரல் எனக்கு என் அப்பா குரல் மாதிரி. ஒரு நாள் நாகர்கோவில்ல இருந்து அவுகளுக்கு ஒரு ட்ரங்க் கால். லைன் படு மோசம், அங்க பேசுறது இவுகளுக்குக் கேக்கலை, இவுக பேசுறது அங்க கேக்கலை. எனக்கு ரெண்டும் கேக்குது. அப்ப நாங்களே நடுவுல இருந்து சொல்லிக் குடுப்போம். அங்க ஒரு பெரியவர் கத்துதாரு. நான் இவுககிட்ட சொன்னேன், பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு, தாயும் பிள்ளையும் சுகம்னு. பெறகு, தாயே உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்னாக. மறுநாள் கடைப் பையன் ஒருத்தன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வா கொண்டு வந்து, லைன் போட்ட அக்காவுக்குன்னு குடுத்துட்டுப் போனான்.

இதை உலகம்மாள்கிட்ட சொன்னேன். அவுக வாயில முந்தானைய வச்சுக்கிட்டாக. எங்க அப்பாதான் அன்னைக்கு லைன்ல கத்தினது, நான் உள்ள கட்டில்ல கிடந்தேன்னாக. எக்ஸ்சேஞ்சுல ஒரு பிள்ளைதான் எனக்கு முதல்ல சொல்லிச்சு, அந்தப் பிள்ளை எங்க இருக்கோ, நல்லா இருக்கட்டும்னு அவுக வீட்டுக்காரரு வருஷா வருஷம் மக பிறந்தநாளுக்குச் சொல்லுவாகளாம்.

என் கையப் பிடிச்சாக. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாக. எனக்கு மனசு தாங்கலை. ரெண்டு வருஷம் எதிர்ல வந்திருக்காக. ஒரே ஒரு தடவை வாயத் திறந்து, என்ன தாயேன்னு கேட்டிருந்தா போதும். அந்த ஒத்தை வார்த்தையில நான் பிடிச்சிருப்பேன். பேசாம இருந்துட்டாக. என்ன மனுஷன் பாருங்க. பேசுறதுக்கு என்ன, வாயில முத்தா உதிர்ந்துரும்?

பெறகு உலகம்மாள் கேட்டாக, "நானும் உங்க கூட நடக்கட்டுமா?"

நான் சொன்னேன், வேண்டாம்மா, நான் எதிர்ப்பக்கம் போறவ. நீங்க அவுக போன பக்கமே போங்க, நான் எதிர்ல வாரேன், பாத்துக்கிடலாம்னு. அவுக என்னமோ சொல்ல வந்தாக, பெறகு சரின்னு எந்திரிச்சாக. நானும் எந்திரிச்சு, இந்த அம்பை மிதிச்சு, இந்தப் பக்கம் திரும்பினேன். அம்மாடி, அன்னைக்கு எனக்கு இருந்த தைரியம்! நயினார் சார் பாத்துட்டே நிக்காக. செத்தவரு சம்சாரமே அங்கிட்டு நடக்காக, நான் இங்கிட்டு நடக்கேன், இனி எவன் என்ன சொல்லுவான்? வாய மூடிட்டாக. அன்னையில இருந்து ஒருத்தரும் என்கிட்ட ஒன்னும் சொல்லுறதில்ல. ஒன்னுமே சொல்லுறதில்ல. அதான் நீங்க கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.

முதல் தடவை கொடிக்கம்பத்துக்கிட்ட எதிர்ல வந்தப்ப உலகம்மாள் குனிஞ்சுட்டே வந்தாக. அடுத்து வாசல்கிட்ட நிமிந்து பாத்தாக. நான் தலைய அசைச்சேன். அவுகளும் அசைச்சாக. அவுக புருஷன் அசைக்கிற மாதிரியே, லேசா இடது பக்கம் சாச்சு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஒரு வாரம் வந்தாக. பெறகு நின்னுட்டாக. ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, வரமாட்டேன்னு. முட்டு வலியா இருக்கும். இல்ல மக வீட்டுக்குப் போயிருப்பாக. கடைசி அன்னைக்குப் போகும்போது பீர்கிட்ட, அந்தம்மா ஒரு இடத்துல நிக்கவே மாட்டாகளான்னு கேட்டிருக்காக. என் நடையப் பாத்து அசந்து போயிட்டாக போல. இந்த வயசுல நான் நடக்கிற நடைய எல்லாரும் சொல்லத்தான் செய்வாங்க.

வீடு தெரியும். கடற்கரை ரோட்டுல பழைய கடைக்கு மேல. போகலை. போய் என்னத்தைப் பேச? அவுக வரணும்னா வரட்டும். நான் இங்கதானே இருக்கேன், எங்க போகப் போறேன்? இப்படித்தான்மா எல்லாரும். பழகுவாங்க, திடீர்னு நின்னுருவாங்க. நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியலை.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? நேரமாயிட்டா? ஓ, நடக்கவா. நடங்க நடங்க, உக்காத்தி வச்சுட்டேன், நடையக் கெடுத்துட்டேன்.

என்னது? என் கூடயா? இந்தப் பக்கமா?

இல்லம்மா. சும்மா கேக்கீங்க. நிசமாவா? அம்புக்கு எதிரா நடந்தா உங்களையும் நாலு பேரு பாப்பாக, நீங்க ஊருக்குப் புதுசு. அது இல்ல, அது கிடக்கட்டும். கூட நடந்தா உங்க தோள்பட்டைதான் எனக்குத் தெரியும். பேசுனாலும் நேரா பாத்துட்டே பேசணும், ரோட்டுல போற மாதிரி. அது எதுக்கு? நீங்க அந்தப் பக்கமே போங்க. நான் இப்படிப் போறேன். கொடிக்கம்பத்துக்கிட்ட எதிர்ல வருவீங்க, பெறகு வாசல்ல. தினமும் வருவீங்கல்லா? மஞ்சச் சுடிதார், ஞாபகம் வச்சுக்கிடுதேன்.

பேரா? இருக்கட்டும், பெறகு சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள ரெண்டு சுத்தாவது வரணும். போங்க.

ஏம்மா, ஒன்னே ஒன்னு. எதிர்ல வரும்போது போனைப் பாத்துக்கிட்டு குனிஞ்சுட்டுப் போயிராதீங்க, என்ன?